நின்ற பாதி

பின்கள் வந்த அட்டைப்பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. ராஸ்லின் ஊர்ப் பட்டாளக் கட்டடமான ஆர்மரியின் சாமான் அறையில், கூடாரத் துணிகளுக்குப் பக்கத்தில், வியாழக்கிழமையிலிருந்து அது கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். சிவப்புக் கேடயம், அதன் நடுவே வெள்ளையாய் ஓர் உடைந்த பாலம், அடியில் பொன்னிறத்தில் மூன்று கதிர். டாமராக் பட்டாளத்தின் சின்னம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை ராஸ்லின்காரர்களும் தோளில் குத்திக்கொள்ள வேண்டும்.

வடக்கு மின்னசோட்டாவில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு ஏரியும் நாற்பத்தைந்து வருடப் பகையும் இருந்தன. செலவைக் குறைக்கிறோம் என்று மாநிலத் தலைமையகம் இரண்டு ஊர்களின் பகுதிநேரப் பட்டாளங்களையும் ஒன்றாக்கிவிட்டது. அப்படிச் சேரும்போது மூத்த பட்டாளத்தின் சின்னம் நிற்கும், இளையதன் சின்னம் பெட்டிக்குள் போகும். டாமராக் மூத்தது. ராஸ்லினின் சின்னத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைக்கு வேலை போயிற்று.

நாரை போனதுகூடப் பரவாயில்லை. வந்து சேர்ந்தது அந்தப் பாலம் என்பதுதான் வயிற்றெரிச்சல். கொரியாவில் பின்வாங்கும்போது டாமராக்காரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிரி ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்றான், ஒரு டிவிஷனே பிழைத்தது, பதக்கமும் சின்னமும் வந்தன. அது டாமராக் சொல்லும் கதை. பாலம் விழுந்தபோது அக்கரையில் ராஸ்லின்காரர்கள் பன்னிரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள், அதில் நான்கு பேர்தான் சிறைமுகாமிலிருந்து திரும்பி வந்தார்கள். இது ராஸ்லின் சொல்லும் கதை. இரண்டும் உண்மைதான். மூடுபனியில் அக்கரையே தெரியவில்லை, ஆள் இருந்தது தெரியாது என்று டாமராக் சாதித்தது. தெரியும், பார்த்துக்கொண்டேதான் வெடியை அழுத்தினார்கள் என்று திரும்பி வந்த நான்கு பேரும் சொன்னார்கள். சண்டை அதில்தான்.

இன்றைக்கும் ஹாக்கி ஆட்டத்தில் டாமராக் பையன்கள் பனித்தளத்தில் இறங்கினால், ராஸ்லின் பக்கத்திலிருந்து "பாலம் எங்கடா?" என்று ஒரு கூச்சல் எழும்.

ராஸ்லின் பட்டாளக் கம்பெனியின் முதல் சார்ஜென்ட் டார்லா எங்கன். எல்லோருக்கும் அவள் 'டாப்'. அந்த நான்கு பேரில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அவளுடைய அப்பா ஆர்வல். ஆக, பெட்டியைப் பிரிக்க வேண்டியவளும் அவள்தான், பிரிக்க முடியாதவளும் அவள்தான்.

சனிக்கிழமைப் பயிற்சியில் யாருக்கும் வேலையில் மனம் போகவில்லை. புல்டோசர் ஓட்டும் கோஸ்கி, குழாயும் கையுமாக அவளிடம் வந்து நின்றான்.

"டாப், பெட்டியை ஏரியில போட்டுட்டு வழியில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாமா? உடைஞ்ச பாலம்தானே, தானா முழுகிடும்."

"வாயை மூடிட்டு வண்டியைக் கழுவு, கோஸ்கி."

"அப்ப ஒண்ணு சொல்றேன். நான் தலைகீழாத்தான் குத்திப்பேன். பசங்க எல்லாரும் அப்படித்தான்னு பேசி வச்சிருக்கோம்."

"தலைகீழாக் குத்தினா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். கேடயத்தைத் தலைகீழாத் தொங்கவிட்டா அதுக்குச் சொந்தக்காரன் துரோகின்னு அர்த்தம். அந்தக் காலத்து ராஜாக்கள் வழக்கமாம்."

"நாளைக்கு அதுக்குச் சொந்தக்காரன் யாரு?"

கோஸ்கி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் விழுந்தது.

"நான்தானா?"

"நீதான். போ, சக்கரத்துல சேறு அப்படியே இருக்கு."

அவனை மடக்கி அனுப்பிவிட்டாளே தவிர, சிக்கல் அப்படியே இருந்தது. ராஸ்லின் ஆர்மரியை மூடிவிட்டு ஆட்களை நாலா பக்கமும் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று தலைநகரில் ஏற்கெனவே பேச்சு. நாளை அணிவகுப்பில் கம்பெனி பின் குத்தாமல் நின்றால் அது உத்தரவை மீறிய குற்றம். மூடுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் நாமே பூட்டைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவள் குத்திக்கொண்டால் எல்லோரும் குத்திக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒருவனும் மாட்டான்.

மத்தியானம் கர்னல் டீட்ஸ் டாமராக்கிலிருந்து வந்தார். இரண்டு பட்டாளத்துக்கும் இனி அவர்தான் தலைவர். கெட்டவர் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறவர், அதுதான் அவரோடு வந்த தொல்லை.

"குடும்பத்துல ஒருத்தர் வந்து பின் குத்தற மாதிரி வச்சிருக்கேன், சார்ஜென்ட். பதவி உயர்வுக்குக் குத்தற மாதிரியே. அம்மா, மனைவி, யாராவது. மனசு இளகிடும் பாருங்க. அப்புறம் சின்னத்தோட விளக்கத்தை நீங்க மைக்ல படிக்கணும். மைலோ ஸ்கார் சிறப்பு விருந்தினர்."

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். கொரியாவில் அன்று வெடியின் பிடியை அழுத்தியவர் மைலோ ஸ்கார்.

"சார், அவரை இந்த ஊருக்கா கூப்பிட்டீங்க?"

"பழசை எல்லாம் புதைக்கணும்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல? உங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

அப்பா வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். டார்லா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். ஆர்வல் கையிலிருந்த ஸ்பேனரை வைக்கக்கூட இல்லை.

"உனக்கு யாரு குத்தறா?"

"யாரும் வரலைன்னா நானே குத்திக்கணும்."

"குத்திக்கிட்டு இந்த வீட்டுப் படி ஏறாதே."

"எனக்கு மட்டும் ஆசையா அப்பா? நான் போடலைன்னா ஒருத்தனும் போட மாட்டான். அடுத்த மாசமே ஆர்மரிக்குப் பூட்டு. நீங்க இருபத்தேழு வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்த இடம் அது."

"பூட்டட்டும்." இப்போது ஸ்பேனரை வைத்தார். "அன்னிக்குப் பனி விலகிடுச்சு டார்லா. எதிர்க்கரையில ஒருத்தன் சிகரெட் பத்த வச்சது எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு அவன் தெரிஞ்சா, அவனுக்கு நான் தெரிய மாட்டேனா? விசாரணையில அந்த ஸ்கார் என்ன சொன்னான்? ஒரே பனி, ஒண்ணும் தெரியலைன்னான். எங்களை என்ன சொன்னாங்க? முகாம்ல பட்டினி கிடந்து மூளை குழம்பினவங்களாம். உங்க அம்மாவே ஒரு தடவை கேட்டா, நிஜமாத் தெரிஞ்சுதாங்கன்னு. அவ கேட்டா."

வாய்விட்டுக் கேட்டவள் அம்மா. மனசுக்குள் கேட்டுக்கொண்டவள் டார்லா. இருபது வயசுப் பையன், பசி, குளிர், பயம். அப்பா பனியில் எதையோ பார்த்ததாக நினைத்துக்கொண்டாரோ என்று அவளுக்கு எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

"நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன். எந்தக் கையால நீ அதைக் குத்திக்கிறேன்னு உக்காந்து பார்க்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆர்மரிக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் டாமராக் ஆட்கள், தோளில் பாலத்தோடு. எதிர்ப் பக்கம் ராஸ்லின் கம்பெனி, நாரையைக் கழற்றிய வெறும் தோள்களோடு. இரண்டு ஊர் ஜனமும் நாற்காலிகளில் நடுவே ஒரு பாதை விட்டுப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நீலக் கோட்டு போட்ட ஒரு கிழவர், பக்கத்தில் மனைவி. மைலோ ஸ்கார் ஒருவேளை ராட்சசன் மாதிரி இருப்பார் என்று டார்லா சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் தபால் ஆபீசில் வரிசையில் நிற்கும் யாரோ மாதிரி இருந்தார். ஆர்வல் எங்கன் மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

நாரைக் கொடியைச் சுருட்டி உறையில் போட்டார்கள். ராஸ்லின் பக்கத்தில் ஒரு பெண் விம்மினாள். பிறகு கர்னல், "குடும்பத்தினர் முன்னே வரலாம்" என்றார்.

வந்தார்கள். அம்மாக்கள், மனைவிகள், ஒரு மாமனார். காலையில் கர்னலின் ஆட்கள் பெட்டியைப் பிரித்துக் கொடுத்த பின்கள், ஆளுக்கு இரண்டு, உள்ளங்கையில் இருந்தன. ஒருவரும் குத்தவில்லை. அத்தனை கண்களும் வரிசைக்கு முன்னே தனியாக நின்ற டார்லாவின் மேல் இருந்தன. கோஸ்கியின் மனைவி பின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க பண்ணட்டும்?" என்று முணுமுணுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. கர்னலின் கழுத்து சிவக்கத் தொடங்கியது.

அப்போது ஆர்வல் எழுந்தார். நிதானமாக நடந்து வந்து மகளின் முன்னால் நின்று கையை நீட்டினார். தூக்கி எறியப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், டார்லாவும் அப்படித்தான் நினைத்தாள். மறுக்க மனமில்லாமல் தன் பின்களை அவர் கையில் வைத்தாள்.

நாற்பத்தைந்து வருடத்தில் அந்தச் சின்னத்தை அவர் ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. பேப்பரில் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். இப்போது சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எறிவதற்கு முன்னால் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்பதுபோல் பார்த்தார். அவர் எறியவில்லை.

"இதுல எது எந்தப் பாதி?" என்றார் உரக்க.

கர்னல் ஆறுதலடைந்து பக்கத்தில் வந்தார். "கேடயத்துல அதைப் பிடிச்சிருக்கிறவரோட வலப்பக்கம்தான் கௌரவமான பக்கம் சார். அங்க நிக்கிற பாதி நம்ம கரை. நம்ம உறுதிக்கு அடையாளம். விழுந்த பாதி எதிரியோட வழி அடைபட்டதுக்கு."

"யாரு சொன்னது?"

"சின்னங்களைத் தீர்மானிக்கிற ராணுவ ஆபீஸ்ல எழுதினது."

"அவங்க அங்க வந்தாங்களா? வெடி வச்சது உங்க கரைத் தூண்ல. விழுந்தது உங்க பாதி. எங்க பாதி அப்படியே நின்னுது. அதுக்கு அடியிலதான் நாங்க கிடந்தோம்." விரல் நகத்தால் கீழே தொட்டார். "இது என்ன?"

"காட்டரிசிக் கதிர் சார், நம்ம ஏரிகள்ல விளையறது. மின்னசோட்டாவுக்காக."

"இதுவா? பத்து வயசுலேர்ந்து ஓடத்துல போய்க் கதிரைத் தட்டிக் காட்டரிசி எடுக்கறேன். அதோட தலை இப்படியா ஒரு பக்கமாச் சாயும்? இது நாணல். யாரு வரைஞ்சது?"

"மிஸ்டர் ஸ்கார் வரைஞ்சு அனுப்பினதுதான். அதை அப்படியே எடுத்துக்கிட்டு விளக்கத்தை மட்டும் ஆபீஸ்ல எழுதினாங்க."

ஆர்வல் பின்னை இன்னும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு டார்லாவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அவங்க கரை முழுக்கக் கல்லு டார்லா. ஒரு புல்லு கிடையாது. நாணல் எங்க கரையில மட்டும்தான் இருந்துது. இவங்க முந்தின ராத்திரி இருட்டுல வந்தாங்க, எங்க பக்கம் வந்ததே இல்ல. பாலம் விழுந்ததும் லாரி ஏறிப் போயிட்டாங்க."

"அப்ப பனியில ஒண்ணுமே தெரியலைன்னா..."

"நாணல் எப்படித் தெரிஞ்சுது?"

டார்லா திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் மைலோ ஸ்கார் தலையைக் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக டாமராக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது அவள் அப்பாவின் சாட்சியத்தை. ஒருவனுக்கும் தெரியவில்லை. அவளும் ஒருநாள்கூட உற்றுப் பார்க்கவில்லை. அப்பாவைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"குத்திக்கோ" என்றார் ஆர்வல். குரல் கரகரத்தது. "எல்லாரையும் குத்திக்கச் சொல்லு. இதுல நாங்க இருக்கோம்."

அவரே இரண்டு தோளிலும் குத்தினார். ஊசி ஒருமுறை சட்டையைத் தாண்டித் தோலில் இறங்கியது. அவள் அசையவில்லை. பின்னால் கம்பெனி முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. கிழவருக்கே புத்தி பேதலித்துவிட்டதா என்று கோஸ்கி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். ஆனாலும் யாரும் குத்தவில்லை, காத்திருந்தார்கள்.

டார்லா மைக்குக்குப் போனாள். விளக்கம் எழுதிய தாள் அங்கே இருந்தது. படிக்கத் தொடங்கினாள். சிவப்பும் வெள்ளையும் பொறியாளர் படையின் நிறங்கள். உடைந்த பாலம் கொரியாவில் இந்தப் பட்டாளம் செய்த காரியத்தைக் குறிக்கும். அடுத்த வரியில் நிறுத்தினாள். தாளை மடித்தாள்.

"நிக்கிற பாதி அக்கரை. அதுக்குக் கீழ இருக்கிறது காட்டரிசி இல்ல, நாணல். ராஸ்லின்காரங்க பன்னெண்டு பேர் அந்த நாணலுக்குள்ள இருந்தாங்க. இக்கரையில இருந்தவங்களுக்கு அது தெரிஞ்சுது. அதனாலதான் இங்க வரைஞ்சிருக்கு."

டாமராக் பக்கம் கொதித்தது. "பொய்!" என்று ஒரு குரல் வந்தது. "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்றது இன்னொன்று. கர்னல் இரண்டே எட்டில் மைக்குக்கு வந்தார். "சார்ஜென்ட், எழுதியிருக்கிறதைப் படிங்க. இது உத்தரவு."

"வரைஞ்சவர் இங்கதான் உக்காந்திருக்கார் சார். நான் சொன்னது தப்புன்னா அவர் சொல்லட்டும். உடனே மன்னிப்புக் கேட்டு, எழுதினதைப் படிக்கிறேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனுஷன் வாயைத் திறந்து 'காட்டரிசி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை போகும், கம்பெனி போகும், அப்பா இத்தனை ஜனத்துக்கு முன்னால் மறுபடியும் பொய்யராவார்.

மைலோவின் மனைவி அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எழுந்திருக்காதீங்க" என்றாள். பின்னால் யாரோ, "மைலோ, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், உக்காருங்க" என்றான். அவர் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்தார்.

"நாணல்தான்" என்றார்.

யாரோ ஏதோ சொல்ல வந்தார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"பனி விலகிடுச்சு. ஆட்கள் தெரிஞ்சாங்க. அந்தப் பொண்ணு சொன்னது சரி."

சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றார். டாமராக் ஆட்களில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். கர்னல் மைக்கைப் பிடித்தவர், அதை டார்லா பக்கமே திருப்பிவிட்டு நகர்ந்தார். டார்லா தன் கம்பெனியின் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கட்டளை கொடுத்தாள். தொண்ணூறு பேரின் தோள்களிலும் பாலம் ஏறியது. கோஸ்கி தன் மனைவியிடம், "நேராக் குத்துடி, கோணலாப் போகப் போகுது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு சாப்பாடு. உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகள் நீள மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. டாமராக்காரர்கள் நிறையப் பேர் சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார்கள். ஆர்வல் ஒரு மூலையில் காபியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் முகத்தில் ஜெயித்த களை இல்லை. டார்லா ரொட்டியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தபோது மைலோ ஸ்கார் வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"அழுத்தறதுக்கு முன்னாடி மேலதிகாரிங்களை மறுபடியும் கேட்டேன். அக்கரையில நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு போன்ல சொன்னேன். அழுத்துன்னாங்க. விசாரணை வந்தப்ப, தெரியலைன்னு சொல்லுன்னாங்க."

ஆர்வல் காபியைக் குடித்தார்.

"மன்னிப்புக் கேக்க வரல" என்றார் மைலோ. "அதுக்கு எனக்கு வாய் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க ஹெல்மெட்டைக் கழட்டித் தலைக்கு மேல ஆட்டினீங்க. உயரமான ஆளு. நீங்க திரும்பி வந்தப்ப பேப்பர்ல படம் பார்த்தேன், அதே உயரம். கையாட்டினவர் பிழைச்சு வந்துட்டார்னு அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. இத்தனை வருஷமும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆர்வல் கோப்பையைக் கீழே வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலாமா என்று அவர் யோசித்ததை டார்லா கண்ணால் பார்த்தாள்.

"அது நான் இல்ல" என்றார். "லைல் பெர்க். என் பொண்டாட்டியோட அண்ணன். நீ எங்களைப் பார்த்துட்டே, கொஞ்சம் பொறுப்பேன்னு நினைச்சு ஆட்டினான். அவன் ஊருக்கு வரல."

மைலோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கீழே சாய்ந்துவிடுவாரோ என்று டார்லா எழுந்தாள். அதற்குள் ஆர்வல் எதிரே இருந்த நாற்காலியைக் காலால் வெளியே தள்ளிவிட்டார்.

"உக்காரு" என்றார். "அவன் எப்படிப்பட்டவன்னு சொல்றேன்."

மைலோ உட்கார்ந்தார்.